முன்பக்கம் திறக்கிற நைட்டி

1

இந்தக் கதையின் முக்கியமான பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு மாடி கீழே, தீவிர சிகிச்சை அறையில் நினைவில்லாமல் கிடந்தேன். மேல்மாடியில் என் குழந்தை இருந்தது, என் கணவர் இருந்தார், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய நைட்டி இருந்தது. நான் மட்டும் இல்லை.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் ஆரணி பேருந்து நிலையத்தில் என்னை நிறுத்திய ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு பையன்.

"அக்கா, நீங்க நைட்டி அண்ணன் வீட்டுக்காரம்மாதான?"

பெயர் மதிவதனி. ஊர் பெரணமல்லூர். எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவம். அவள் பையனும் என் மகளும் பச்சிளங்குழந்தைகள் அறையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் இருந்தவர்கள்.

"எங்க வூட்டுக்காரு இன்னிக்கும் அதையே சொல்லிகினு இருப்பாருக்கா. அண்ணன் மொதல்ல எப்டிக்கா ஒத்துகினாரு? கூச்சப்படலியா?"

என் கணவர் ஆல்பின் அந்த நைட்டியை எப்படிப் போட்டுக்கொண்டார் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. மதிவதனியின் பேருந்து வந்தது, போய்விட்டாள். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். அவ்வப்போது சிறுகதை எழுதுவேன். அடுத்தவர் வீட்டுக் கதை என்றால் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடுவேன். என் சொந்தக் கதைக்குள் நுழையத்தான் ஒவ்வொருவரிடமும் போய் நிற்க வேண்டியிருந்தது.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போனது. எழுதி அடித்தவற்றை மறைக்கப்போவதில்லை.

"அன்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று அவள் மனம்..."

வானம் கறுக்கவில்லை. நல்ல வெயில். என் மனமும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுத் தாள்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இடம்..."

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அந்த வாரம் என் வயிறு என் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாக இல்லை. என் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, குழந்தைக்குப் போக வேண்டியது சரியாகப் போகவில்லை. டாக்டர் பின்னால் விளக்கியபோது அவர் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான வாக்கியம்தான். எனக்குப் பொருந்தவில்லை.

கடைசியில் துணிக்கடையில் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அங்கே நான் இருந்தேன். முழு நினைவோடு, இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

3

ஏழாம் மாதம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள என்ன வாங்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தும் மணிமேகலை டீச்சர். அவருக்கு இரண்டு பிரசவமும் ஆபரேஷன்.

"புடவைய மூட்ட கட்டி வெச்சிடுங்க டீச்சர். பாவாட நாடா, எலாஸ்டிக், எதுவும் தையல் மேல படக்கூடாது. முன்னாடி ஜிப்பு வெச்ச நைட்டியா, உங்க சைசுக்கு மேல ரெண்டு சைசு பெருசா பாத்து வாங்குங்க. பால் குடுக்கவும் சுளுவு, டாக்டர் பாக்கவும் சுளுவு. காட்டன்தான். வழுவழுன்னு கீறத கையாலகூட தொடாதீங்க."*

ஆல்பினும் நானும் பாலு கடைக்குப் போனோம். பாலு அடர்த்தியான நிறங்களாக எடுத்துப் போட்டார். "டார்க்கா எடுத்துக்கோங்கம்மா, கறை தெரியாது." எனக்கு ஓர் அரக்கு நிறம் பிடித்தது. சின்னச் சின்னப் புள்ளி, நல்ல கழுத்து. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆல்பின் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்தார். நைட்டியை என் மடியிலிருந்து எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையல் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை சிவந்தது.

"இது வேணாம்."

அடுத்தது நீலம். அதையும் தேய்த்தார். கைக்குட்டையில் நீலம். அதற்கடுத்தது பச்சை.

அவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். இந்த ஊரில் நெய்கிற புடவைகளில் எதன் நிறம் அவர் தொட்டியில் முக்கியெடுத்தது என்று கடைக் கண்ணாடி வழியாகவே காட்டுவார். துணி சாயம் விடுகிறதா என்று பார்ப்பது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. பாலுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா சார் இது, எல்லாத்தையும் ஈரம் பண்ணிகினே இருந்தா நான் எப்டி விக்கறது? ஒரே பேஜாரா கீதே."

"கொழந்த வாய் வெக்கற துணிங்க," என்றார் ஆல்பின்.

பாலு உள்ளே போய் மேல்தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்த ஒன்றுதான் சாயம் விடாமல் நின்றது. வெளிர்மஞ்சள் துணி, அதில் பச்சைக் கிளிகள். ஒவ்வொரு கிளியும் என் உள்ளங்கை அளவு. இவ்வளவு அசிங்கமான நைட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதையே வாங்கினோம். கஞ்சி போகும்வரை திரும்பத் திரும்ப அலசி, நிழலில் உலர்த்தி, பையில் மடித்து வைத்தேன்.

*இரண்டு சைஸ் பெரியது என்பதைக் கதையின் வசதிக்காக நான் ஏற்பாடு செய்ததாக நினைக்க வேண்டாம். மணிமேகலை டீச்சர் இன்றும் அதே பள்ளியில் இருக்கிறார், யார் கேட்டாலும் இதையே சொல்வார்.

4

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிள்ளைகளிடம் "உங்களுக்கும் ரெண்டா தெரியுதா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. முன்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஆட்டோவின் மஞ்சள் கூரை. மணிமேகலை டீச்சரின் கை. பிறகு

[இந்த இடத்தில் ஒன்றுமில்லை. வலிப்பு வந்ததாம், உடனே ஆபரேஷன் செய்தார்களாம். "ஆம்" போட்டு எழுதுவதைத் தவிர எனக்கு வழி கிடையாது. என் உடம்பு திறந்து ஓர் உயிர் வெளியே வந்த நேரத்தைப் பற்றி, அடுத்த தெருக்காரிக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியாது.]

இனிமேல் வருவதெல்லாம் கேட்டு எழுதியது. என் தங்கை லிடியா சொன்னது கொஞ்சம், அன்று பணியிலிருந்த நர்ஸ் ஹேமலதா சொன்னது கொஞ்சம். இருவரும் சொன்னது ஒத்துப்போகாத இடங்களில் ஹேமலதா சொன்னதை எடுத்துக்கொண்டேன். லிடியா அழுதுகொண்டே இருந்திருக்கிறாள்; அழுகிறவளுக்குப் பாதிதான் கண் தெரியும்.

5

குழந்தை தானாக மூச்சு விட்டது. ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை. சூடேற்றும் விளக்குக்கு அடியில் வைத்திருந்தும், கால் மறுபடி மறுபடி சில்லிட்டது.

ஹேமலதா வெளியே வந்து, "ரீனா வீட்டுக்காரர் யாருங்க?" என்று கேட்டார்.

ஆல்பின் எழுந்து நின்றார். சாயத்தொட்டியிலிருந்து அப்படியே ஓடி வந்தவர். கழுத்து மூடிய பனியன், அதில் எல்லா நிறமும். இரண்டு கையிலும் முழங்கைவரை வாடாமல்லிச் சாயம்.

"கொழந்தைக்கு சூடு பத்தலண்ணா. அம்மா நெஞ்சுமேல போட்டுக்கணும், தோலோட தோல் ஒட்டிகினு இருக்கணும். அவங்க இப்ப முடியாத நெலமைல கீறாங்க. நீங்க வெச்சிக்கறீங்களா? டாக்டர் கிட்ட கேட்டுட்டேன்."

"நானா?"

"ஆம்பள நெஞ்சுலயும் சூடு கீதுண்ணா."

இந்த ஒரு வரியை மாற்றாமல் எழுத வேண்டும் என்று ஹேமலதாவிடம் இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

ஆல்பின் கைகளை நீட்டிக் காட்டினார். "சிஸ்டர், இது போவாது. எவ்ளோ தேச்சாலும் போவாது. தோல்லயே ஏறிடுச்சி."

சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னார் ஹேமலதா. தேய்த்தார். நுரை வெள்ளையாக இறங்கியது, கை நிறம் மாறவில்லை. "பரவால்ல. கைக்கு உறை தரேன். கொழந்தைக்கு உங்க கை வேணாம், நெஞ்சுதான் வேணும். ஆனா இந்த பனியன் ஆவாது. முன்னாடி தொறக்கற மாதிரி சட்ட இன்னா கீது?"

சட்டை வீட்டில் இருந்தது. [ஆஸ்பத்திரியில் கவுன் இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இருந்ததாம், எல்லாம் பின்பக்கம் முடிச்சுப் போடுவது.] வெறும் உடம்போடு இருக்கலாம், ஆனால் அந்த அறையில் ஏசி, குழந்தையை மூடவும் வேண்டும், நழுவாமல் பிடித்துவைக்கவும் வேண்டும்.

லிடியா என் பையைத் திறந்தாள். "அக்காவோட நைட்டிதான் கீது சிஸ்டர். ஜிப்பு வெச்சது."

ஹேமலதா நைட்டியை விரித்துப் பார்த்தார். ஆல்பினின் தோளைப் பார்த்தார். மறுபடி நைட்டியைப் பார்த்தார்.

"பெரிய சைசா?"

"பெருசுதான்."

"ஜல்தியா போட்டுகினு வாங்கண்ணா."

6

அந்தக் காட்சியை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். கிளிகள் போட்ட நைட்டி, கீழே ரோமம் அடர்ந்த முழங்கால், மேலே இரண்டு நாள் தாடி. வேடிக்கையாக எழுதினால் வேடிக்கையாகத்தான் வருகிறது. நடந்தபோதும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. அறையில் இருந்த மதிவதனியின் கணவர் மணவாளன், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நின்றிருந்தவர், வாய்விட்டுச் சிரித்தாராம். போனை எடுத்து யாரிடமோ, "டேய், இங்க ஒருத்தரு பொம்பள நைட்டி போட்டுகினு கீறாருடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை அவரே மனைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆல்பின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹேமலதா ஜிப்பை இறக்கி, டயப்பர் மட்டும் கட்டிய குழந்தையை அவர் நெஞ்சின் நடுவில் தவளைபோல் கைகால் விரித்துப் படுக்க வைத்தார். தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்தார். ஜிப்பைக் குழந்தையின் கழுத்துவரை ஏற்றி, லிடியாவின் துப்பட்டாவால் சுற்றிக் கட்டினார். உறை போட்ட கை இரண்டும் துணிக்கு வெளியே, கீழே தாங்கியபடி.

பிறகு ஹேமலதா சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் பதினஞ்சு வருஷமா பாக்கறேங்க. இருந்தாலும் ஒவ்வொரு தடவயும் எனக்கு சிலிர்க்கும். மொதல்ல அந்த கொழந்த மூச்சு ஒழுங்கில்லாம, விட்டு விட்டு வந்துகினு இருந்திச்சி. அண்ணனும் பயத்துல வேகவேகமா மூச்சு வுட்டுகினு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல ரெண்டும் அடங்கிச்சி. எது எத பாத்து அடங்கிச்சின்னு எனக்கு தெரியாது. கால தொட்டு பாத்தேன். சூடு வந்துடுச்சி."

கால் சூடாகிவிட்டது. இந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் என் தமிழ் எம்.ஏ. கைகட்டி நிற்கிறது. ஒரு மனிதத் தோல், அதன்மேல் இன்னொரு தோல். மின்சாரமும் விளக்கும் செய்ய முடியாததை, சாயவேலை செய்கிற ஒருவருடைய நெஞ்சு செய்தது. அவருக்கு எப்படிச் செய்வது என்று தெரியாது. நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது.

மணவாளன் போனைப் பையில் போட்டுவிட்டார். வெகுநேரம் தன் பையனின் தொட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தாராம். பிறகு ஹேமலதாவிடம் போய், தாழ்ந்த குரலில், "சிஸ்டர், எம் புள்ளையயும் அந்த மாதிரி வெச்சிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் லிடியா வீட்டிலிருந்து ஆல்பினுக்குச் சட்டை கொண்டுபோனாள். அவர் மாற்றவில்லை. "பொத்தான் குத்தும். இதுலயே நல்லா தூங்குது," என்றாராம்.

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் லிடியா இன்னொன்றும் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. பாலாடைல பால் குடுக்கறதுக்கு சிஸ்டர் கொழந்தைய எடுப்பாங்க இல்ல, அப்பல்லாம் மாமா அந்த பக்கம் திரும்பிக்குவாரு. சன்னலையே பாத்துகினு இருப்பாரு. ஒரு தடவகூட மொகத்த பாக்கல. நான், 'மாமா, உங்க ஜாடைதான், பாருங்க'ன்னேன். பாக்கல." குரலைத் தாழ்த்தி, "பொண்ணுன்னு வருத்தமோன்னு நெனச்சிகினேன்," என்றாள்.

அன்று நான் எழுதிய பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "ஆல்பின் ஒரு நொடியும் தயங்காமல் அந்த நைட்டியை வாங்கி அணிந்துகொண்டார்." அதைப் படித்தபோது வேறு யாரையோ பற்றி எழுதியிருப்பதுபோல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆல்பின் மகளைத் தோளைவிட்டு இறக்காதவர். அவளுக்குத் தலைவாரத் தெரியாமல் வாரிவிட்டு, அதுதான் ஸ்டைல் என்பவர். லிடியா சொன்ன ஆல்பின் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே பெயரில் ஒரே கதைக்குள் எப்படி வைப்பது?

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதிய பக்கங்களை அவரிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். பாலு கடை வந்த இடத்தில் சிரித்தார். பிறகு விரலை ஒரு வரிமேல் வைத்து நிறுத்தினார்.

"இது தப்பு. நான் தயங்கனேன்."

"நைட்டின்னா?"

"நைட்டியில இன்னா கீது? அந்த நேரத்துல கோணிய குடுத்தாலும் போட்டுகினு இருப்பேன்." பக்கத்தை மடியில் வைத்தார். "தொட்டா செத்துடும்னு பயம். அவ்ளோ சின்னதா இருந்திச்சி. நீ கீழ எப்டி கீறன்னு யாரும் வாயத் தொறக்கல. ஒவ்வொருத்தரா வந்து கையெழுத்து கேக்கறாங்க. நீயும் போயி, அதுவும் எங் கையில போச்சின்னா?"

மடியில் இருந்த பக்கத்தை அவர் கையால் நீவிவிட்டார்.

"அதான் மொகத்த பாக்கல. பாத்துட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது இல்ல. பாக்கலன்னா, ஏதோ ஒரு கொழந்தன்னு..." அதற்குமேல் அவர் முடிக்கவில்லை. [இந்த வாக்கியத்தை நான் முடித்து வைக்க மாட்டேன்.]

"லிடியா வேற மாதிரி நெனச்சிகினா."

"இன்னான்னு?"

சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வியப்பாகத்தான் பார்த்தார். "பொண்ணா பையனான்னே எனக்கு மறுநாள்தான் தெரியும். யாரும் சொல்லல, நானும் கேக்கல. மூச்சு வருதா வருதான்னு அதையேதான் கவனிச்சிகினு இருந்தேன். இங்க," என்று நெஞ்சில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒரு காசு அளவுக்கு சூடா இருக்கும். மூச்சு படற எடம். அது ஆறிப் போச்சின்னா சிஸ்டர கூப்டணும்னு ராத்திரி பகலா முழிச்சிகினு இருந்தேன். ஆறவே இல்ல ரீனா."

எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருடம். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எழுத வேண்டும் என்று உட்காராமல் இருந்திருந்தால் ஒருவேளை கடைசிவரை கேட்டிருக்கவும் மாட்டேன். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "தயங்கினார்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "ரொம்ப நேரம்னு போடு," என்றார்.

ரொம்ப நேரம் தயங்கினார்.

9

மூன்றாம் நாள் காலை என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுபோனார்கள். இதற்கு யாருடைய சாட்சியமும் எனக்குத் தேவையில்லை. தையல் இழுத்தது, தலை கனத்தது, பின்பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி கவுன் தோளிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. எல்லாம் நினைவிருக்கிறது.

ஆல்பின் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் மோவாய்க்குக் கீழே, கிளிகளுக்கு நடுவில், கறுப்பாக ஈரமுடி. ஒரு காது. ஓரம் இன்னும் விரியாமல் மடிந்திருந்த, என் சுண்டுவிரல் நுனி அளவுக் காது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் மூச்சு ஏறும்போது குழந்தை ஏறியது, இறங்கும்போது இறங்கியது. என் வயிற்றுக்குள் எட்டு மாதம் இருந்தது இதுதானா என்று நம்ப முடியாமல் பார்த்தேன். உள்ளே இருந்தபோதும் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குழந்தையை எடுத்து என்னிடம் தர ஹேமலதா குனிந்தார். "அண்ணன எழுப்பட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். கொஞ்ச நேரம்."

"இத்தினி நாளு காத்துகினு இருந்தீங்களே?"

"இருக்கட்டும்."

ஆல்பினின் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியைத் தள்ளி நிறுத்திவிட்டு ஹேமலதா போய்விட்டார்.

பிறகு என்ன நடந்தது என்று லிடியாவிடம் கேட்டால், மாமா விழித்ததும் விம்மி விம்மி அழுதார் என்பாள். அவள் அந்த நேரத்தில் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். ஆல்பினிடம் கேட்டால் நினைவில்லை என்பார். நானும் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்க்கிறோம், அவள் கண்ணைத் திறக்கிறாள், இப்படியெல்லாம். மோசமில்லை. கிழித்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதினால் அது வெறும் வாக்கியமாகிவிடும்.

அதனால் அந்த அறையில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். வெயில் இன்னும் உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் தூங்குகிறார்கள். அவரை எழுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோளைத் தொட வேண்டாம், பதறி எழுவார். பெயரை மெல்லச் சொன்னால் போதும். அந்தப் பக்கம் போய் நின்றால் அவளுடைய முகமும் தெரியும். எனக்குமுன் நீங்கள் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அவசரமில்லை.